காணாமல் போகாத பெட்டிகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளை வைத்து ஒரு மனிதரைத் திருடன் ஆக்கினார்கள். ‘ஆக்கினார்கள்’ என்று எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. அந்த அறையில் நானும் இருந்தேன். என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. நான் பதில் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நான்கு பேர் வேலை பார்த்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். அதை நடத்தியவர் எங்கள் சௌராஷ்டிர சமூகத்துக்காரர், தூரத்து உறவில் எனக்கு மாமா முறை. அலுவலகத்தில் சார் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் ரகசியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டு மொழிக்கு மாறிவிடுவார். எதிரில் இருப்பவர்களுக்குப் புரியாது. வியாபாரத்தில் அது அவருக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான ரப்பர் குழாய்களும் வளையங்களும் செய்தார்கள். அவற்றை நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு லாரியில் சென்னைப் பக்கம் ஒரு வாகன நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். சரக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் காலிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். போவதில் பாதிதான் திரும்புகிறது என்பது முதலாளியின் நெடுநாள் குறை. அவர் கோயம்புத்தூரில் ஏதோ கண்காட்சிக்குப் போனபோது ஆர்.எஃப்.ஐ.டி. என்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு டேக் ஒட்டிவிட்டால் போதும். பெட்டி வாசலைத் தாண்டும்போது, இரண்டு பக்கமும் நிற்கும் ஆன்டெனா அதன் எண்ணைத் தானாகவே படித்துக்கொள்ளும். யாரும் எண்ண வேண்டாம், எழுத வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே அவர் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டார். “பொட்டி காணோம்னா யாரைக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியணும். அதைச் சொல்லாத கம்ப்யூட்டரு எனக்கு எதுக்கு?”

அந்த ஒரு வாக்கியத்துக்காக அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்தேன். பெட்டியின் எண், வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், அதன் பக்கத்தில் பொறுப்பாளர் பெயர். பெட்டி வாசலைத் தாண்டும்போது யாருடைய ஷிப்டோ அவருடைய பெயர் அங்கே தானாக வந்து உட்காரும். முப்பது நாளில் திரும்பாத பெட்டி திரையில் சிவப்பாகும். இதை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காணாமல் போன பெட்டிக்கும், உள்ளே வந்தும் படிக்கப்படாமல் போன பெட்டிக்கும் தனித்தனி நிறம் வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று போதும், நான்காவது நிறம் வந்தால் முதலாளி கேள்வி கேட்பார் என்றார் சார். விட்டுவிட்டேன்.

சரக்கு ஏற்றி இறக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். திருவாதவூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். பதினெட்டு வருடமாக அந்த வாசல் அவருடையது. ராத்திரி ஷிப்டைத் தவிர மற்ற எல்லா லாரியும் அவர் கையால்தான் போகும், வரும். எல்லாரும் அண்ணே என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் நல்லவர் என்று சொல்லி இந்தக் கதையை எளிதாக்க எனக்கு விருப்பமில்லை. வாய் ரொம்ப மோசம். லோடுமேன்களில் கொஞ்சம் கால் சாய்த்து நடக்கும் ஒருவரை அந்த நடையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். யாராவது ஒருவரைச் சிரிப்பாக்காமல் அவருக்குப் பொழுது போகாது.

ஆன்டெனாக்களைப் பொருத்திச் சோதித்த நாளில் அந்த ஒருவர் நானாக இருந்தேன். காலையிலிருந்து திரையில் ஒரு பெட்டி மட்டும் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தது. வாசலில் பெட்டியே இல்லாதபோதும், டேக்கைப் படிக்கும் ரீடர் ‘பீப்’ என்று கத்தியது. என் நிரலில்தான் பிழை என்று நினைத்து, வரி வரியாகத் தேடினேன். கம்பியைக் கழற்றி மாட்டினேன். வாசலுக்கும் கணினிக்கும் மாறி மாறி ஓடினேன். ஓடும்போதெல்லாம் அது கத்தியது. சாப்பாட்டு நேரத்தில் கைப்பையைத் திறக்கும்போதுதான் பார்த்தேன், பையின் அடியில் ஒரு டேக் ஒட்டியிருந்தது. லோடுமேன்கள் அத்தனை பேரும் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல் சிரித்தார்கள்.

“பொட்டி எங்க போகுது வருதுன்னு கண்டுபுடிக்கத்தான வந்திருக்க? கண்டுபுடிச்சிட்டேல்ல பாப்பா” என்றார் அவர்.

நானும் சிரித்தேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்ச வேலையைப் பார்த்தேன். அங்கே பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இல்லை. அலுவலகத்து அறையில் சாவி கேட்டு வாங்கிப் போக வேண்டும். சாவி கேட்கப் போன இடத்திலும் சிரித்தார்கள். அதற்குள் செய்தி அங்கே போயிருந்தது.

அன்று மாலை காலிப் பெட்டிகளைச் சோதித்தேன். சரக்கோடு போகும் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தனித்தனியே நிற்கும், அவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் காலியாக வரும் பெட்டிகளை இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி அனுப்புவார்கள். அப்போது டேக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். அப்படிக் கிடந்தால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். பத்துப் பெட்டியைச் சொருகித் தள்ளினால் ஆறு படித்தது. சில தடவை ஏழு. பத்தும் படித்தது ஒரு தடவைகூட இல்லை. போகும் பெட்டியெல்லாம் கணக்கில் வரும், வரும் பெட்டியில் பத்துக்கு மூன்று நான்கு கணக்கில் வராது. இதன் அர்த்தம் என்ன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாரிடம் சொன்னேன். காலிப் பெட்டிகளைப் பிரித்துத்தான் வாசலுக்குள் விட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடு, அது போதும் என்றார். சேர்த்தேன். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வரி பதினான்காம் பக்கத்தில் இருந்தது. வாசலில் இருந்த யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. வாசலில் அவரிடம் வாயால் ஒரு தடவை சொன்னேன். பிரித்துப் பிரித்துத் தள்ளினால் ஒரு லாரி இறக்க அரை நாள் ஆகும், அதற்கு ஆள் கொடுப்பார்களா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அது உங்க பிரச்சினைண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னது எனக்கு இனித்தது.

மூன்று மாதம் போனது. ஒருநாள் முதலாளி எங்களை வரச் சொன்னார். அவருடைய அறையில் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. இருநூறு பெட்டிக்கும் மேல். ஏறக்குறைய எல்லாவற்றின் பக்கத்திலும் ஒரே பெயர். அந்தப் பெயருக்குரியவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சாருக்கும் எனக்கும் காபி வந்தது.

பெட்டியெல்லாம் பின்பக்கத்து முற்றத்தில்தான் அடுக்கிக் கிடக்கிறது, வந்து எண்ணிப் பாருங்கள் என்று அவர் சொன்னார். முதலாளி கோபப்படவில்லை. “எண்ண வேணாம்னுதானப்பா இதை வச்சேன். மறுபடி எண்ணச் சொன்னா எப்படி?” என்றார்.

அப்போதுதான் கதவோரம் நின்ற அவர் என் பக்கம் திரும்பினார். என் பையில் டேக் ஒட்டிய மனிதர் மாதிரி இல்லை. குரல் இறங்கியிருந்தது.

“நீ சொல்லும்மா. சொருகி வந்தா அது படிக்குமா?”

சார் காபியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் எங்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார்: கையேட்டில் இருப்பதை மட்டும் சொல். அந்த அறையில் அது என் ஒருத்திக்குத்தான் புரிந்தது.

“பிரிச்சு வச்சா எல்லாம் படிக்கும் சார்” என்று நான் முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

அதில் பொய்யே இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லவில்லை என்பதும், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பதும் தவிர, அது முழு உண்மை. முதலாளி தலையாட்டினார். சொன்னபடி பிரித்து வைக்கவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்கிறது என்றார். கதவோரம் நின்றவர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

அன்றைக்கே இரண்டு காவலாளிகளைக் கம்பெனி வேனில் அவரோடு திருவாதவூருக்கு அனுப்பினார்கள். வீட்டில் மூன்று நீலப் பெட்டி இருந்தது. ஒன்றில் கோழி அடைகாத்தது. ஒன்றில் பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள். ஒன்றில் விறகு. மூன்றும் கைப்பிடி உடைந்து, வருடங்களுக்கு முன்னால் கழித்துக்கட்டியவை. அவற்றில் டேக் கிடையாது, டேக் ஒட்டிய தடமும் கிடையாது. நீங்கள்தானே எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று அவர் திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னாராம். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எனக்கு ஞாபகம் இல்லையே என்றாராம். இதையெல்லாம் காவலாளிகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வேன் கிளம்பியபோது அவர் மனைவி முட்டைகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு நின்றதை ஒருவர் நடித்துக் காட்டினார்.

மாலை ஷிப்டு மாறும் நேரத்தில் அவரைப் பிரதான வாசலில் நிறுத்தினார்கள். கோழி எச்சம் காய்ந்திருந்த அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவரைக் கடந்துதான் போக வேண்டும். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. முதலாளி அந்த மாதிரி ஆள் இல்லை. நான் மாடியில் கணினி அறையின் ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். எனக்கு நன்றாக இருந்தது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, மனசுக்கு நன்றாகவே இருந்தது. அதை எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோஜனம் இல்லை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவராக விட்டுப்போக முடியாது என்பது முதலாளிக்குத் தெரியும். வாசலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, முற்றத்தில் குவிந்து கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசல் வழியாக உள்ளே தள்ளும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். முடியாது என்று என்னிடம் சொன்ன அதே வேலை. தனி ஆளாக. வெயிலில் கிடந்த பெட்டிகள் ஒன்றோடொன்று இறுகிப் போயிருக்கும், காலால் மிதித்து இழுத்தால்தான் கழன்று வரும். முதல் வாரத்திலேயே உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தார். லோடுமேன்கள் அவர் கடந்து போகும்போதெல்லாம் வாயாலேயே ‘பீப்’ என்று கத்தினார்கள். தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு பீப். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் ஒரு பீப். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் கால் சாய்த்து நடக்கும் அந்த லோடுமேன்.

திரையில் சிவப்பு குறைய ஆரம்பித்தது. நாளுக்குப் பத்து, பதினைந்து என்று பச்சையானது. முதலாளி சாருக்குப் போன் செய்து சந்தோஷமாகப் பேசினார். பயந்துபோய்ப் பயல் எங்கிருந்தோ ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறான், உங்கள் கம்ப்யூட்டர் பலே கம்ப்யூட்டர் என்றார்.

அவர் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு வரியில் ஒரு கேள்வியை எழுதித் தரவுகளிடம் கேட்டேன். வெளியே போன பெட்டி, உள்ளே வராமலேயே மறுபடி வெளியே போயிருக்கிறதா? அப்படிப் போக முடியாது அல்லவா. பக்கம் பக்கமாக வந்தது. ஒரே பெட்டி மூன்று தடவை வெளியே போயிருந்தது, ஒரு தடவைகூட உள்ளே வராமல். அத்தனையும் வந்துதான் போயிருக்கின்றன. அந்தக் கேள்வியை முதலாளி அறைக்குப் போவதற்கு முதல்நாளே நான் கேட்டிருக்க முடியும். என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தான் கேட்காமல் இருந்தேன்.

அதில் மூன்று பக்கத்தைத் தாளில் அச்செடுத்துச் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கப்பலூருக்கு நாமே போய்ச் சொல்லிவிடுவது நல்லது, வேறு யாராவது கண்டுபிடித்தால் கெட்ட பெயர் என்றார். போனோம். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். எங்களைவிட வேகமாக அவருக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப எவனும் எடுக்கலை” என்றார்.

சார் ஏதோ விளக்க ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். தாள்களை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். இப்போது ஆள் ஆளுக்குப் பயந்துபோய் ஒழுங்காக இருக்கிறார்கள், ஒரு ஆணிகூட வெளியே போவதில்லை, இதைப்போய்க் கலைப்பானேன் என்றார். பிறகு, வேலையாட்களின் அடையாள அட்டையிலும் இதே மாதிரி டேக் வைக்க முடியுமா, யார் எம்புட்டு நேரம் எங்கே நிற்கிறான் என்று தெரியுமா என்று கேட்டார். முடியும் என்றார் சார். என்னையும் பார்த்தார்கள். முடியும் என்று நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் அதற்கான அளவுகள் எடுக்கப் போனபோது, முற்றத்தில் அவர் தனியாக இருந்தார். நான் போய்ச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவருக்கு நல்லது செய்ய என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பெட்டி எதுவும் காணாமல் போகவில்லை, எல்லாம் உள்ளேயே இருந்தது, கணினியிலேயே தெரிகிறது என்றேன்.

“எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. “உனக்கு எப்பத் தெரியும்?”

“மொதல்லேர்ந்தே தெரியும்ணே.”

“தெரிஞ்சுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னியா?”

ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பையில் டேக் ஒட்டியதைச் சொன்னேன். அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. நான் முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது, எந்த நாள், எந்தப் பை, யார் யார் சிரித்தார்கள் என்று.

“அதுக்கா” என்றார்.

பெட்டியை வாசலுக்குள் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிரிக்கக் குனிந்தார். நான் அளவெடுக்கப் போனேன். நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. அந்த லேசு அன்று மத்தியானம் வரைக்கும்தான்.

அவர் நேரே முதலாளியிடம் போயிருக்கிறார். கையில் சுற்றிய துணியோடு. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று பக்கமும் அவருக்கு முன்னால் இருந்த இழுப்பறையில்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு என்ன விலை என்று பார்க்கிறவரின் சிரிப்பு.

“ஏம்மா, பொட்டி காணாமப் போகலை, மிஷின்தான் தப்புன்னு நீ இவர்ட்டச் சொன்னியாம்ல? சொன்னியா?”

இந்தத் தடவை எங்கள் மொழியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சார் அங்கே இல்லை.

“இல்ல சார். நான் அப்படிச் சொல்லலை” என்றேன்.

பக்கத்தில் நின்ற அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அந்த வாய்க்கு அது பெரிய காரியம் இல்லை. கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். ஒரு கை முடித்து மறு கை. அவிழ்க்க நேரம் பிடித்தது, சில இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முழுக்க அவிழ்த்து, சுருட்டி, முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து போனார் என்று லோடுமேன்கள் பிறகு சொன்னார்கள். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

முதலாளி மணியடித்து, துணியை எடுத்துப் போடச் சொன்னார். அடையாள அட்டை வேலை எப்போது முடியும் என்று என்னிடம் கேட்டார். ஆறு வாரம் என்றேன். ஐந்தரை வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். அதில் யார் கழிப்பறைக்கு எத்தனை தடவை போனார்கள் என்பதுவரை தெரியும். பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்து.

பிறகு நான் சென்னைக்கு மாறினேன். இதே துறைதான். பெரிய பெரிய கிடங்குகள். நான் போடும் வடிவமைப்பு எதிலும் படிக்கப்படாத பொருளுக்குத் தனி நிறம் உண்டு, ஆளின் பெயர் தானாக வந்து உட்காரும் பத்தி கிடையாது. அதற்காக என்னைப் பாராட்டுவார்கள். ஒரு பயிற்சி வகுப்பில், ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொன்னேன், தெற்கே ஒரு தொழிற்சாலையில் நடந்தது என்று. வடிவமைத்தது யார் என்று சொல்லவில்லை. அடைகாத்த கோழியைப் பெட்டியிலிருந்து கிளப்பிய இடத்தில் வகுப்பு முழுக்கச் சிரித்தது. நிறுத்தி, அவர்கள் சிரித்து முடிக்க இடம் கொடுத்தேன். அடுத்த வகுப்பிலும் அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தத்தில். ரொம்பவும் மெலிந்திருந்தார். எங்கோ காவல் வேலை போலிருக்கிறது, காக்கிச் சட்டையின் தோள் கிழிந்து தைத்திருந்தது. கண்ணும் சரியில்லை. பேருந்து வந்ததும் பலகையைப் பார்க்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

“இது பெரியாரு பஸ்டாண்டு போற வண்டியாம்மா?”

என்னைத் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று முகத்தில் எதுவும் இல்லை.

“ஆமாண்ணே, போகும்” என்றேன்.

அவர் நகரவில்லை. எனக்கு அந்தப் பக்கம் நின்ற பூக்காரம்மாவிடம் அதையே இன்னொரு தடவை கேட்டார். போகும் ஏறுங்க என்று அந்தம்மா சொன்ன பிறகுதான் ஏறினார்.